பி.பி.எஃப்.எம். தெளிப்பு: ஏக்கருக்கு 200 மில்லியா, லிட்டருக்கு 10 மில்லியா?

(ஒரு விவசாய உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கடைமடை

சம்பா நெல் 70 நாள் பயிர். இன்னும் பத்துப் பதினைந்து நாளில் பூட்டைப் பருவம் (கதிர் தண்டுக்குள் திரளும் பருவம்) வந்துவிடும், முறைப்பாசனத் தண்ணீர் அதற்குள் வந்து சேருமா என்பது சந்தேகம். வறட்சி தாங்க பி.பி.எஃப்.எம். என்ற பாக்டீரியாத் திரவத்தைத் தெளிக்கச் சொல்கிறார்கள். பரிந்துரைகளில் ஒன்று எக்டேருக்கு 500 மி.லி., அதாவது ஏக்கருக்கு 200 மி.லி. என்கிறது. இன்னொன்று 1 சதவீதக் கரைசல் என்கிறது. அப்படியானால் 200 லிட்டர் தண்ணீருக்கு 2 லிட்டர் மருந்து வேண்டும். பத்து மடங்கு வித்தியாசம். எது சரி? அறுவடைக்கு முன் உளுந்து விதை வீசப் போகிறோம், அந்த விதைக்கும் இதைப் பயன்படுத்தலாமா?

தெளிப்பு

முதலில் ஒன்று. இது மருந்து இல்லை, உயிர். பூச்சிமருந்தில் அளவு ஏறினால் பயிர் கருகும் என்ற கவலை இருக்கும், இதில் 200 மி.லி. ஊற்றினாலும் 2 லிட்டர் ஊற்றினாலும் இலை கருகாது. அதனால்தான் இரண்டு அளவும் புழக்கத்தில் இருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி, ஊற்றியதில் எத்தனை உயிரோடு இலையில் உட்காருகிறது என்பது. அதைக் கெடுக்கும் காரியங்கள்தான் வயலில் அதிகம் நடக்கின்றன:

நேற்று காப்பர் ஆக்சிகுளோரைடோ ஸ்ட்ரெப்டோசைக்ளினோ அடித்த டேங்கை ஒரு அலசு அலசிவிட்டு இதை ஊற்றுவது. தாமிரமும் ஆன்டிபயாட்டிக்கும் பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே இருப்பவை. டேங்க், குழாய், நாசில் மூன்றையும் மூன்று முறை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள். பயிரில் அப்படி ஏதாவது அடித்திருந்தால் 10 நாள் இடைவெளி விடுங்கள். தெளித்த பிறகும் அதே 10 நாள்.

பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டித் தண்ணீரில் கலக்குவது. கிணறு, வாய்க்கால் தண்ணீர் போதும். வேறு வழியே இல்லையென்றால் வாய் அகன்ற தொட்டியில் ஒரு பகல் வெயில் படத் திறந்து வைத்துவிட்டு எடுங்கள்.

காதி சோப்பை ஒட்டும் திரவமாகப் போடுவது. சோப்புக் கரைசலின் காரம் இதற்கு ஆகாது. நெல் இலை மெழுகு பூசினாற்போல் இருக்கும், வெறும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். கடையில் கிடைக்கும் அயனித்தன்மை இல்லாத ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை மி.லி. சேருங்கள்.

பாட்டிலைக் குலுக்காமல் மேலாக ஊற்றுவது. இந்தப் பாக்டீரியா வளர்ந்து முடிந்ததும் திரிதிரியாகக் கூடி அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பது பெரும்பாலும் வெறும் திரவம். நன்றாகக் குலுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகு டேங்கில் ஊற்றுங்கள். நாசில் அடைக்கும் என்று மெல்லிய துணியில் வடிகட்டினால் வேண்டியது துணியிலேயே தங்கிவிடும்.

கரிசல்

பஞ்சகவ்யாவோடு கலக்கலாமா? டி.ஏ.பி. 2 சதவீதம், பயறு ஒண்டர் இவற்றோடு? ஆள் கூலி ஒரு தடவை மிச்சமாகுமே.

தெளிப்பு

வேண்டாம். பஞ்சகவ்யா புளித்த சரக்கு, அதில் வேறு நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கும். பயறு ஒண்டர் மாதிரியானவை சத்துக் கலவைகள், நுண்ணூட்ட உப்புகள் அடர்த்தியாகச் சேரும்போது டேங்குக்குள்ளேயே பாதி செத்துவிடும். நாலைந்து நாள் தள்ளித் தனியாக அடியுங்கள். ஆள் கூலி மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் செத்த பாக்டீரியாவைத் தெளிக்கவும் அதே கூலிதான்.

ஆய்வுமேசை

கடைமடை கேட்ட பத்து மடங்குக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். அதைப் போட்டால்தான் இந்தப் பாக்டீரியாவை எங்கே, எப்போது கொடுக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

பி.பி.எஃப்.எம். என்பது மெத்திலோபாக்டீரியம் என்ற பேரினம். தட்டில் வளர்த்தால் இளஞ்சிவப்பாக இருக்கும், மெத்தனாலைத் தின்னும், மெத்தனால் இல்லாமலும் வாழும். இந்த மூன்றையும் சேர்த்து வைத்த பெயரின் சுருக்கம்தான் அது. இலைக்கு மெத்தனால் எங்கிருந்து வருகிறது? இளம் இலை விரியும்போது செல்சுவரில் உள்ள பெக்டின் தளர வேண்டும். அதற்காகச் செடி ஒரு நொதியை வைத்துப் பெக்டினில் ஒட்டியிருக்கும் மெத்தில் தொகுதியைக் கழற்றுகிறது. கழன்றது மெத்தனாலாகி இலைத்துளை வழியே வெளியே வருகிறது. இலைத்துளை காலையில் திறந்ததும் இரவெல்லாம் தேங்கியது ஒரு மூச்சாக வெளியேறும். வாசலிலேயே இந்தப் பாக்டீரியா உட்கார்ந்திருக்கிறது. விரிகிற இலையில் மெத்தனால் அதிகம், முற்றிய இலையில் குறைவு. இதை மனதில் வையுங்கள்.

இனிக் கணக்கு. பாட்டிலில் மில்லிக்கு 10 கோடி உயிர்ச்செல் என்று வைத்துக்கொள்வோம். 200 மி.லி.யில் 2,000 கோடி. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். நடுத்தர வளர்ச்சியில் நெல்லின் இலைப்பரப்பு நிலப்பரப்பைப் போல மூன்று மடங்கு என்றால் சுமார் 12 கோடி சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 165 செல். பாதி தரையில் விழும், 80 என்று கொள்ளுங்கள். 1 சதவீதம் அடித்தால் 800.

நீங்கள் தெளிக்காமலே அந்த இலையில் எவ்வளவு இருக்கிறது? ஒரு கிராம் பச்சை இலையில் பத்தாயிரத்திலிருந்து ஒரு கோடி வரை மெத்திலோபாக்டீரியம் இருப்பது வழக்கம். ஒரு கிராமுக்கு 50 சதுர சென்டிமீட்டர் என்று பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு 200 முதல் 2 லட்சம். ஏற்கெனவே குடியிருக்கும் கூட்டத்துக்கு நடுவில் 80 பேரை விடுவதா 800 பேரை விடுவதா என்பதுதான் உங்கள் கேள்வி. முற்றிய இலையில் இரண்டுமே கரைந்துபோகும். இப்போதுதான் விரிகிற, இன்னும் ஆள் குடியேறாத இலையில் 80 பேரே போதும். சாப்பாடு இருக்கிறது, பெருகிக்கொள்வார்கள்.

பயிர்வினை

ஆய்வுமேசை சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பாட்டிலில் இருப்பது செல் மட்டும் இல்லை. வளர்ப்புத் திரவத்தில் பாக்டீரியா ஏற்கெனவே சுரந்த சைட்டோகைனின், ஆக்ஸின் என்ற பயிர் வளர்ச்சி ஹார்மோன்கள் இருக்கும். இலையில் உடனே தெரிகிற பச்சை அதனால் வரலாம் அல்லவா?

ஆய்வுமேசை

அதற்கும் எண் இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இலையிலிருந்து பிரித்த மெத்திலோபாக்டீரியங்களின் வளர்ப்புத் திரவத்தில் டிரான்ஸ் சீட்டின் என்ற சைட்டோகைனின் லிட்டருக்கு 22 முதல் 111 நானோகிராம் கிடைத்தது. அதில் பெரிய அளவையே எடுத்தாலும் 200 மி.லி.யில் 22 நானோகிராம். ஒரு ஏக்கருக்கு அது ஒன்றுமே இல்லை.

ஆக்ஸின் இதைவிட அதிகம். டிரிப்டோபான் சேர்த்து வளர்த்தால் மில்லிக்குச் சில மைக்ரோகிராம் தருகிற இனங்கள் உண்டு. அப்படியும் 200 மி.லி.யில் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். பயறுக்குப் பூ உதிராமல் இருக்க என்.ஏ.ஏ. என்ற செயற்கை ஆக்ஸினை லிட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் 200 லிட்டர் தெளித்தால் ஏக்கருக்கு 8 கிராம் போகிறது. ஆயிரக்கணக்கான மடங்கு. ஆகவே பாட்டிலுக்குள் இருக்கும் ஹார்மோனை நம்ப வேண்டாம். செல் இலையில் உயிரோடு உட்கார்ந்து, இலையோடு ஒட்டிய இடத்தில், நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால்தான் பலன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த சீட்டின் ஹார்மோனுக்கென்று தனியாகத் தயாரானது இல்லை, பாக்டீரியா புரதம் கட்டப் பயன்படுத்தும் டி.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு உடையும்போது வெளிவருவது. அதற்குக் காரணமான மரபணுவை நீக்கி, சீட்டினே சுரக்காத ரகத்தை அதே குழு உண்டாக்கியது. சூடேற்றிக் கெடுத்த சோயா விதையை முளைக்கவைப்பதில் அந்த ரகமும் மூல ரகத்துக்கு இணையாக வேலை செய்தது. பலன் உண்டு, ஆனால் எல்லாவற்றையும் சைட்டோகைனின் தலையில் கட்ட முடியாது.

பயிர்வினை

ஒப்புக்கொள்கிறேன், 22 நானோகிராம் என்பது வாதத்தை முடித்துவிட்டது.

வறட்சிக்கு உதவும் வழியில் எத்திலீன் பக்கமும் ஒன்று இருக்கிறது. தண்ணீர் தட்டினால் செடியில் ஏ.சி.சி. என்ற பொருள் கூடும், அதிலிருந்து எத்திலீன் வரும், எத்திலீன் கூடினால் இலை சீக்கிரம் பழுக்கும், பூ உதிரும். சில மெத்திலோபாக்டீரியங்களிடம் அந்த ஏ.சி.சி.யை உடைத்து நைட்ரஜனாகத் தின்றுவிடும் நொதி இருக்கிறது. எல்லா இனத்துக்கும் கிடையாது. அதனால் “இளஞ்சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான்” என்று வாங்கக் கூடாது. எந்த இனம், எந்த ரகம் என்று லேபிளில் இருக்க வேண்டும்.

கடைமடைக்கு ஒரு வார்த்தை. பூட்டையில் வயல் வெடித்துப்போனால் இதனால் காப்பாற்ற முடியாது. நாலைந்து நாள் தாமதத்தைத் தாங்க உதவும், அவ்வளவுதான். கடைசி ஈரம் மண்ணில் இருக்கும்போதே தெளித்திருக்க வேண்டும். இலை சுருண்ட பிறகு துளையும் மூடி, மெத்தனாலும் குறைந்து, குடியேற வருகிற பாக்டீரியாவுக்குப் பட்டினிதான்.

கரிசல்

அப்படியானால் கணக்குப்படி விதை நேர்த்திதான் லாபம் என்று தோன்றுகிறதே?

ஆய்வுமேசை

ஆமாம், சொல்ல வந்ததே அதுதான்.

நெல் தரிசு உளுந்து ஏக்கருக்கு 10 கிலோ. நூறு விதை நாலரை கிராம் என்றால் 10 கிலோவில் சுமார் 2.2 லட்சம் விதை. 50 மி.லி. பி.பி.எஃப்.எம். அதில் ஏற்றினால் 500 கோடி செல், விதைக்கு 22,000க்கு மேல். இலையில் 200 மி.லி. தெளித்தால் சதுர சென்டிமீட்டருக்கு 80. இங்கே கால்பங்கு செலவில் ஒரு சின்ன விதைக்கு 22,000. அதுவும் போட்டிக்கு ஆள் குறைவான இடத்தில். உளுந்து முளைக்கும்போது வித்திலையைத் தலையில் சுமந்துகொண்டு மேலே வரும், விதைத்தோலில் இருக்கும் பாக்டீரியாவும் கூடவே வரும். முதல் இலை விரியும்போது அது ஏற்கெனவே அங்கே இருக்கும்.

செய்முறை: 10 கிலோ விதையைச் சாக்கில் அல்லது சிமென்ட் தரையில் நிழலில் பரப்புங்கள். ஆறிய வடிகஞ்சி 200 மி.லி.யில் 50 மி.லி. பி.பி.எஃப்.எம். கலந்து விதை மேல் தெளித்து, கையால் மெதுவாகப் புரட்டுங்கள். உளுந்தின் தோல் உரியக் கூடாது. பயறின் வேர்முடிச்சுப் பாக்டீரியாவான ரைசோபியமும் அதே கஞ்சியில் சேரலாம், இரண்டுக்கும் சண்டை இல்லை. நிழலில் அரை மணி உலர்த்திவிட்டு அன்றைக்கே விதைத்துவிடுங்கள். கஞ்சி சூடாக இருந்தால் எல்லாம் வீண், கை வைத்துப் பாருங்கள். கஞ்சி அதிகமானால் விதை ஊறி உப்பிவிடும், தரிசு உளுந்தைக் கையால் வீசும்போது பிளந்துபோகும்.

தைரம், கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லி போட்ட விதையில் இதை ஏற்ற வேண்டாம், இரண்டும் பாக்டீரியாவுக்கு ஆகாதவை. கார்பெண்டாசிம் பூஞ்சைக்கு மட்டும் வேலை செய்வது, அதைப் போட்டு ஒரு நாள் கழித்து இதை ஏற்றலாம்.

கடைமடை

நெல்லுக்கு? அடுத்த பட்டத்துக்குக் கேட்கிறேன்.

ஆய்வுமேசை

20 கிலோ விதைக்கும் அதே 50 மி.லி. பத்து லட்சம் விதை, விதைக்கு 5,000. ஊறவைத்த தண்ணீரை வடித்த பிறகு, முளைகட்ட மூட்டம் போடும் முன் கலக்க வேண்டும். ஊறல் தண்ணீரிலேயே ஊற்றினால் வடிக்கும்போது போய்விடும். பிறகு இலைத் தெளிப்பு தூர் கட்டும் பருவத்தில் ஒன்று, இலைகள் வரிசையாக விரிகிற நேரம் அது. பூட்டைக்கு முன் இன்னொன்று, கண்ணாடி இலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) விரியும்போது. 200 மி.லி. போதும்.

நாற்று

இரண்டு பாட்டில் வாங்கி வெல்லத் தண்ணீரில் போட்டுப் பெருக்கிக்கொள்ளலாம் என்று ஒரு காணொலி பார்த்தேன். 200 லிட்டர் டிரம், 2 கிலோ வெல்லம், 7 நாள். சரிப்படுமா?

ஆய்வுமேசை

சரிப்படாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

மெத்திலோபாக்டீரியத்துக்குச் சர்க்கரை பிடித்த உணவு இல்லை. இந்தப் பேரினத்தில் அதிகம் ஆராயப்பட்ட எக்ஸ்டார்குவென்ஸ் இனம் குளுக்கோஸில் வளரவே வளராது. மெத்தனால், சக்சினேட் போன்றவைதான் அதன் உணவு. நல்ல சூழலிலேயே ஒரு செல் இரண்டாக மூன்று நான்கு மணி ஆகும். வெல்லத் தண்ணீரில் வரும் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் அதற்குள் பல தலைமுறை பெருகிவிடும். ஏழாம் நாள் டிரம்மில் இருப்பது புளித்த வெல்லத் தண்ணீர். அதை அடித்துவிட்டு “பி.பி.எஃப்.எம். வேலை செய்யவில்லை” என்பார்கள். இன்னும் மோசம், “வேலை செய்தது” என்பார்கள்.

மெத்தனால் வாங்கி ஊற்றிப் பெருக்கலாமே என்று யாராவது யோசித்தால்: அது விஷச்சாராயத்தில் ஆளைக் கொல்லுகிற அதே பொருள். பத்து மில்லி வயிற்றுக்குள் போனால் கண்பார்வை போய்விடலாம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். மாட்டுக்கொட்டகையில் வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை.

கரிசல்

வாங்கிய பாட்டில் நல்லதா என்று எப்படித் தெரியும்? நிறத்தைப் பார்த்தா?

ஆய்வுமேசை

நிறம் ஒரு அடையாளம், சான்று இல்லை. குலுக்கினால் மங்கிய ரோஜா நிறத்தில் கலங்க வேண்டும், சற்று நேரம் நிறுத்தினால் இளஞ்சிவப்பு வண்டல் இறங்க வேண்டும். மேல்திரவமும் அடியும் ஒரே சீராகப் பளிச்சென்று சிவந்திருந்தால் சாயம் என்று சந்தேகப்படுங்கள். மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் புளிப்பு, அழுகல் வாடை வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேதி தாண்டியது வேண்டாம். கடையில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் இருந்ததும் வேண்டாம். வீட்டில் நிழலான, குளிர்ந்த இடம் போதும். ஃபிரீசரில் உறையவைக்கக் கூடாது.

ஆய்வுக்கூட வசதி உள்ளவர்களுக்கு, உயிர்ச்செல்லை எண்ணும் வளர்ப்புத் தட்டு தயாரிக்க: ஒரு லிட்டருக்கு அம்மோனியம் குளோரைடு 0.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 1 கிராம், கால்சியம் குளோரைடு 0.2 கிராம், இரும்பு சல்பேட் 4 மில்லிகிராம், கொஞ்சம் நுண்தாதுக்கள், அகார் 15 கிராம். டை பொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.7, பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.54 கிராம் இரண்டையும் தனியாக வேகவைத்துக் கடைசியில் சேருங்கள், சேர்த்தே வேகவைத்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் மெத்தனால் 5 மி.லி. மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துப் பறந்துவிடும், முன்கூட்டிப் போட்டால் தட்டில் ஒன்றும் மிஞ்சாது. பூஞ்சைக்குத் தடையாக சைக்ளோஹெக்சிமைடு 30 மில்லிகிராம், அது கொடிய விஷம், கையுறை கட்டாயம்.

பாட்டில் சரக்கை லட்சம் மடங்கு நீர்த்து, 0.1 மி.லி. தட்டில் பரப்புங்கள். மில்லிக்கு 10 கோடி உண்மையென்றால் சுமார் 100 புள்ளி வரும். 30 டிகிரியில் ஐந்தாம் நாள் எண்ணுங்கள். மறுநாளே எண்ணிவிட்டு “ஒன்றும் இல்லை” என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது மெதுவாக வளர்வது, நிறம் ஏறவே மூன்று நாள் ஆகும். மறுநாளே பெரிதாகத் தெரிகிற புள்ளி எல்லாம் வேறு ஆட்கள். ரோடோடொருலா என்ற ஈஸ்ட்டும் இதே நிறத்தில் இலையில் வாழ்வதுதான், நுண்ணோக்கியில் பார்த்தால் மொட்டு விடும் உருண்டைகளாகத் தெரியும். நம்முடையது அதைவிடப் பல மடங்கு சிறிய கம்பு வடிவம்.

அதே தட்டில் இன்னொன்று செய்து பாருங்கள். ஒரு உளுந்து இலையைப் பறித்து, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி தட்டின் மேல் மெதுவாக அழுத்தி, ஒரு நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள். ஐந்தாம் நாள் அந்த இலையின் உருவம் அப்படியே இளஞ்சிவப்புப் புள்ளிகளால் வரைந்தாற்போல் நிற்கும். நடுநரம்பும் விளிம்பும் கூடத் தெரியும். விதை நேர்த்தி செய்த செடியின் முதல் இலையையும் செய்யாத செடியின் முதல் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் அழுத்தினால், குடியேற்றம் நடந்ததா என்பதற்கு வேறு பேச்சே வேண்டாம்.

பயிர்வினை

வயலில் பலனைச் சோதிக்கிறவர்கள் வெறும் தண்ணீர் தெளித்த பாத்தி ஒன்று கட்டாயம் விடுங்கள். வாடும் பயிருக்கு 200 லிட்டர் தண்ணீர் இலையில் பட்டாலே அன்றைக்குத் தலை நிமிரும், அதை பாக்டீரியா கணக்கில் எழுதக் கூடாது. மூன்றாவது பாத்திக்கு, அதே பி.பி.எஃப்.எம்.ஐ பாட்டிலோடு இல்லாமல் பாத்திரத்தில் ஊற்றி குக்கரில் 20 நிமிடம் வேகவைத்து ஆற்றித் தெளியுங்கள். திரவத்தில் உள்ள சத்து அப்படியே இருக்கும், உயிர் மட்டும் போயிருக்கும். உயிருள்ளதும் வெந்ததும் ஒரே மாதிரி இருந்தால், தெரிகிற பலன் உயிருள்ள பாக்டீரியாவால் வந்தது இல்லை என்று அர்த்தம்.

அளக்க: தெளித்த ஏழாம் நாள் மதியம், ஒரே வயது இலையில் பத்து வில்லைகள் வெட்டி உடனே எடை பாருங்கள். நாலு மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேல் ஈரம் ஒற்றி மறுபடி எடை. பிறகு 70 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை. முதல் எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, அதை ஊறிய எடையில் உலர் எடை போக மீதியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் இலையின் நீர் நிலை சதவீதத்தில் வரும். கண்ணால் பார்த்துப் “பச்சையாக இருக்கிறது” என்பதைவிட இது நம்பத்தக்கது.

நாற்று

டிரோனில் ஏக்கருக்கு 10 லிட்டர்தானே பிடிக்கிறது?

தெளிப்பு

200 மி.லி.யை அந்த 10 லிட்டரிலேயே கலக்கலாம், 2 சதவீதம் ஆகிறது, கெடுதல் இல்லை. துளி மிகச் சிறியது, வெயிலில் இலை சேருமுன்பே உலரும். மாலை நாலரைக்கு மேல், காற்று அடங்கியபின் மட்டும். முந்தின வேலையில் அந்த டிரோன் என்ன அடித்தது என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கடைமடை

அப்படியானால் நாளை மறுநாள் மாலை, வயலில் ஈரம் இருக்கும்போதே, ஏக்கருக்கு 200 மி.லி. உளுந்துக்கு 50 மி.லி. கஞ்சியில். இடையில் குலைநோய்க்கு டிரைசைக்ளசோல் அடிக்க வேண்டியிருக்கிறது, அதை எப்போது வைப்பது?

தெளிப்பு

குலைநோய் காத்திருக்காது அண்ணே. இலையில் கண் வடிவப் புள்ளி தெரிகிறது என்றால் முதலில் அதை அடியுங்கள், பி.பி.எஃப்.எம். பத்து நாள் தள்ளிப் போகட்டும். கண்ணாடி இலை விரிகிற நேரத்துக்குத்தான் சரியாக வரும்.

கடைமடை

புள்ளி தெரிகிறது. அதையே முதலில் அடிக்கிறேன்.